மனை விற்ற லாபத்தில் லால்பேட்டைக்குப் பங்கு உண்டா?

வளைகுடாவில் சம்பாதித்த காசில் ஊரில் ஒரு மனை வாங்கிப் போடுவது லால்பேட்டை சபராளிகளின் வழக்கம். பொண்ணு கல்யாணம், கடன் என்று வந்தால் அதை விற்பார்கள். விற்ற லாபத்துக்கு மத்திய அரசு மூலதன ஆதாய வரி வாங்கிக்கொள்ளும். ஆனால் தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை என்று செலவழித்து அந்த மனைக்கு மதிப்பு சேர்த்த பேரூராட்சிக்கு அந்த லாபத்தில் நேரடிப் பங்கு எதுவும் கிடையாது.

ஒரு கணக்கு

2010-11ல் 10 லட்சத்துக்கு வாங்கிய மனை, 2025 பிப்ரவரியில் 25 லட்சத்துக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். லாபம் 15 லட்சம். அதில் 12.5 சதவீதம், அதாவது 1,87,500 ரூபாய் வருமான வரித்துறைக்கு. செஸ் தனி.

பத்திரப் பதிவில் முத்திரைத் தீர்வை 5%, சொத்து மாற்று வரி 2%, பதிவுக் கட்டணம் 2%. இதில் உள்ளாட்சிகளுக்கு உரியது அந்த 2% மாற்று வரிதான். இந்தக் கணக்கில் 50 ஆயிரம். அதையும் கட்டுவது மனையை வாங்குபவர். விற்றவருக்கு 15 லட்சம் லாபமோ, 2 லட்சம் நஷ்டமோ, வரி மாறாது. லாபம் பார்த்தவர் ஊருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. இடிக்கிற இடம் இதுதான்.

பேரூராட்சியே இந்த வரியைப் போடலாமா?

முடியாது. விவசாய வருமானம் தவிர மற்ற வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் அரசியல் சாசனப்படி மத்திய அரசிடம் இருக்கிறது. மூலதன ஆதாயமும் வருமானம்தான் என்று 1954லேயே நவீன்சந்திர மஃபத்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் பங்கு கேட்கலாம். வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது விற்ற சொத்தின் முகவரி, பின்கோடு வரை கேட்கிறார்கள். எந்த ஊர் மனையில் எவ்வளவு வரி வந்தது என்ற தகவல் டெல்லியிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு பகுதியை அந்த ஊருக்கே திருப்பித் தருவது பெரிய வித்தை இல்லை. மனசுதான் வேணும்.

ஸ்பெயினில் என்ன நடந்தது?

அங்கே நிலம் கைமாறும்போது மதிப்பு உயர்வுக்கு நகராட்சிகளே வரி வாங்குகின்றன. நஷ்டத்துக்கு விற்றவரிடமும் வசூலித்ததால் வழக்குக்கு மேல் வழக்கு. 2021 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் கணக்கிடும் முறையையே ரத்து செய்தது. அடுத்த மாதமே விதி திருத்தப்பட்டது: லாபமே இல்லாவிட்டால் வரி இல்லை, உண்மையான லாபத்தின் மீது கட்டும் வழியும் உண்டு.

சபராளிகளுக்கு ஒரு சிக்கல்

விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டு லாபம் பார்ப்பதுதான் 'இண்டெக்சேஷன்'. 2024 ஜூலை பட்ஜெட் இதை எடுத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்குப் பழைய முறையில் 20% கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம் என்றார்கள். ஆனால் இது இந்தியாவில் 'வசிப்பவர்'களுக்கு மட்டும்.

மேலே பார்த்த மனையையே எடுத்துக்கொள்வோம். வாங்கிய 10 லட்சம் விலைவாசிக் குறியீட்டின்படி சுமார் 21.74 லட்சமாகிறது. உள்ளூர்க்காரர் விற்றால் வரி 65 ஆயிரம் சொச்சம்தான். வருஷம் முழுக்க துபாயில் வேலை பார்ப்பவர் விற்றால் 1,87,500. ஒரே தெரு, ஒரே மனை!

ஊருக்குப் பங்கு என்ற பெயரில் இதன் மேல் இன்னொரு வரியை ஏற்றினால் சபராளி தாங்க மாட்டார். கேட்க வேண்டியது புது வரி அல்ல, இப்போது வசூலாகும் வரியில் பங்கு. மனை விற்பனை ஒரு வருஷம் சூடு பிடிக்கும், மறு வருஷம் படுத்துவிடும். அதனால் இந்தப் பணத்தை நம்பிச் சம்பளம் போட முடியாது. வடிகால், சாலை மாதிரி ஒரு தடவை செலவுக்கு ஒதுக்கலாம்.