முகாமில் பிறந்தவருக்கு எந்த நாடு?

போர்க்காலத்தில் திருகோணமலையிலிருந்து படகேறித் தமிழகம் போனவர்கள் கடவுச்சீட்டுடன் போகவில்லை. மண்டபத்திலும் பிற முகாம்களிலும் அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அப்பிள்ளைகள் எந்த நாட்டவர்? உப்புவெளியில் வாழும் எனக்கு இது என் அயலில் எழும் கேள்வி.

இந்தியக் குடியரசில் 1987 யூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு மறுக்கப்பட்ட கடவுச்சீட்டை வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. பெற்றோர் இருவரும் அகதிகளாயிருக்க, அந்நாளுக்குப் பின் பிறந்தவர்களுக்கு இக்கதவு திறக்காது.

அவர்களுக்கு எஞ்சியிருப்பது இலங்கைதான். ஆனால், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் பதியச் சொல்கிறது. பிந்தினால் தக்க காரணம் காட்டி அமைச்சரின் அனுமதி பெறவேண்டும். முகாமை விட்டு வெளியே செல்லவே அனுமதி கேட்டு நின்ற தாய், சென்னையிலுள்ள பிரதி உயர் ஸ்தானிகராலயத்துக்கு எவ்வாறு ஓடியிருப்பாள்? பதிவில்லையேல் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இல்லை. அஃதின்றி அடையாள அட்டை இல்லை, கடவுச்சீட்டும் இல்லை.

பெற்றோரின் பிறப்புப் பதிவேடுகளைப் பேணுவது அரசு. அவற்றைத் தேடி எடுக்கவேண்டியவர் பதிவாளரேயன்றி வீடு எரிந்தவர் அல்லர். முகாமில் பிறந்தோருக்கு ஓராண்டுக் கெடுவை முற்றாக நீக்கவேண்டும். 1964 முதல் இங்கு வாழ்ந்த மலையகத் தமிழருக்கு 2003இல் ஒரு சட்டத்தின் மூலம் பிரஜாவுரிமை வழங்கிய பாராளுமன்றத்துக்கு இது இயலாத காரியமன்று.