பழுது வருமுன் காப்பவர்



பொறியாளர் என்றதும் உங்கள் மனத்தில் யார் தோன்றுகிறார்? அணை கட்டுபவர், புதிய எந்திரத்தை வடிவமைப்பவர், அல்லவா? அமைத்த எந்திரம் நில்லாமல் ஓடக் காவல் இருப்பவரை நாம் நினைப்பதில்லை. அவரே பராமரிப்புப் பொறியாளர். கடலூரிலும் சிதம்பரத்திலும் படிக்கும் நீங்கள் அவர் பணியின் அருமையை அறிய வெகுதூரம் போகவேண்டாம். நம் மாவட்டத்து நெய்வேலியே போதும்.

அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. நிலக்கரிப் படிவத்தின் அடியில் ஊற்றுநீர் மிகுந்த அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும் என்று படித்திருப்பீர்கள். மேலுள்ள மண்ணை வெட்டி எடுக்க எடுக்க, நீரை அமுக்கி வைத்திருக்கும் பாரம் குறைகிறது. நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். எனவே பம்புகள் இரவும் பகலும் ஓடவேண்டும்.

பம்பு நின்றபின் ஓடிவருவது மட்டுமா பராமரிப்பு? அன்று. தேய்ந்த பேரிங்கில் உராய்வு கூடும், வெப்பம் ஏறும், அதிர்வு மாறும். அதிர்வெண்ணை அளந்தால் எந்த உறுப்பு தேய்கிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் அலை இயல் அங்கே ஆளைக் காக்கிறது.

ஆனால் ஓர் இடர் உண்டு. பழுது வராத நாளில் இவருக்குப் பாராட்டு இல்லை. "நன்றாகத்தானே ஓடுகிறது, இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்ற குரல் எந்தத் தொழிற்சாலையிலும் எழக்கூடும். அந்த ஒரு வாரத்தின் விலை உற்பத்தி இழப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். 2020 மே, ஜூலை மாதங்களில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். கொதிகலன் போன்ற எந்திரங்களின் அருகில் மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே என் கருத்து இது: "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரம் பராமரிப்புப் பொறியாளருக்கு வேண்டும். எந்திரத்தின் ஓசை மாறியதை முதலில் கேட்கும் தொழிலாளி, அவர் ஒப்பந்தத் தொழிலாளியே ஆனாலும், சொல்வதை மதித்துக் கேட்கும் பழக்கமும் வேண்டும்.

நாளை உங்களில் சிலர் இப்பணிக்குச் செல்வீர்கள். இதை இரண்டாந்தர வேலை என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நிகழாமற்போன விபத்துக்குச் செய்தித்தாளில் இடமில்லை. ஆனால் அன்று மாலை பத்திரமாக வீடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.