ஆற்றப்படாத துயரம்

விழா மலரொன்றிலே வெற்றிகளையும் வளர்ச்சியையும் எழுதுதல் மரபு. ஆயினும், எம் பழைய மாணவர் பலருடைய இல்லங்களில் இன்றும் பேசப்படாதிருக்கும் துயரமொன்றைக் குறியாது இம்மலரை நிறைவுசெய்தல் முறையாகாதென்று கருதுகின்றோம். கொவிட் கொள்ளைநோய்க் காலத்தில் உற்றாரை இழந்தோரின் துயரமே அது.

இலங்கையில் இந்நோயால் முதல் மரணம் 2020 மார்ச் 28 இல் நிகழ்ந்தது. பின்னர் மாண்டோர் தொகை 16,000 ஐக் கடந்தது. 2020 ஒக்டோபரில், களனி கங்கைக்கு அப்பாலுள்ள பேலியகொடை மீன்சந்தையில் தொற்றுப் பரவியபோது, கொழும்பின் வடபகுதியில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஒருகொடவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் நாட்கூலித் தொழிலாளருக்கு, உற்றவரை இழந்த பின்னரும் இருந்து அழுவதற்கு அவகாசம் இருக்கவில்லை. மறுநாள் உணவுக்கு வழிதேட வேண்டியிருந்தது.

எம்மவருள் ஒருவர் இறந்தால், உடலை நீராட்டி, சுண்ணம் இடித்து, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க, வாய்க்கரிசியிட்டு வழியனுப்புவோம். அயலார் உணவு சமைத்துக் கொணர்வர். எட்டுச் செலவு, அந்தியேட்டி என நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. இவை இறந்தவர் பொருட்டு நிகழ்வன எனினும், இருப்பவர் துயரத்துக்கு ஓர் ஒழுங்கையும் துணையையும் தருவனவும் இவையே. தொற்றுக்காலத்திலோ மூடிய பெட்டியைத் தொலைவில் நின்று கண்டதே பலருக்குக் கிடைத்த பேறாயிற்று. தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருவார் எவருமிலர்.

எமது அயலாராகிய முஸ்லிம் மக்கள் அடைந்த துன்பம் இதனினும் பெரிது. நல்லடக்கமும் செய்யலாமென உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கிற்று. அவ்வாண்டு திசெம்பரில் பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியிலே மக்கள் வெண்துணிகளைக் கட்டித் தம் வேதனையைக் காட்டினர். 2021 பெப்ரவரியில் விதி தளர்ந்தபோதும், நல்லடக்கம் தொலைவிலுள்ள ஓட்டமாவடியிலேயே நிகழ்ந்தது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. காலந்தாழ்ந்த சொல் இழந்ததை மீட்காது. எனினும் ஒரு துயரம் துயரமென்று ஒப்புக்கொள்ளப்படுவதற்குக் காலவரம்பு இல்லையென்பதை அது காட்டுகின்றது.

"பழைய புண்ணைக் கிளறுவானேன்? காலம் ஆற்றிவிடும்" என்பாருமுளர். காலம் தனித்து நின்று எதனையும் ஆற்றுவதில்லை. மனிதர் துணைநிற்க, அதன்பின்னரே காலம் தன் பணியைச் செய்கின்றது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பாகுபாடு, ஆறு திங்களுக்கு மேலும் தணியாது வாழ்வை முடக்கும் துயரத்தை மருத்துவ கவனிப்புக்குரிய நிலையென ஏற்றுள்ளது. அத்தகையோர் 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்தை நாடுதல் இழுக்கன்று. ஏனையோருக்கு வேண்டுவது மருந்தன்று. இறந்தவரின் பெயரைச் சொல்லி விசாரிக்கும் ஒருவரே.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 இல் தந்தையை இழந்த சிறுவன் இன்று உங்கள் வகுப்பில் இருத்தல் கூடும். அவனது மௌனத்தைச் சோம்பலென்றும் சினத்தை ஒழுக்கக்கேடென்றும் முடிவுசெய்யுமுன் அவன் வீட்டுச் செய்தியை அறிந்துகொள்ளுங்கள்.

ஆடி அமாவாசையன்று முகத்துவாரக் கடற்கரையில் தந்தையர்க்குப் பிதிர்க்கடன் செய்யும் மரபு எம்மிடையே உண்டு. அந்நாளையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவோமாக. அக்காலத்தில் மறைந்த மாணவர், ஆசிரியர், சிற்றூழியர், அவர்தம் குடும்பத்தார் ஆகிய அனைவரின் பெயர்களும் சமய பேதமின்றி வாசிக்கப்படட்டும். சொற்பொழிவுகள் வேண்டா. அன்று செல்லமுடியாதிருந்த வீடுகளுக்கு, அதன்பின்னர் நாம் ஒவ்வொருவரும் ஒருமுறை சென்றுவருவோமாக.