சாதனம் சம்மதித்தது

மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களுள் ஒன்றில் சிவன் மோகினியைத் தழுவுகிறான். பார்வதி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுற்றுலாப் பயணிகள் சிரித்தபடி கடந்துபோகிறார்கள். கொச்சி அரசர்கள் முடிசூடிய மாளிகையில் இல்லறத் துரோகம் இப்படி நகைச்சுவையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. துரோகம் செய்பவர் கணவராக இருக்கும்வரை அதற்கு லீலை என்று பெயர்.

அதே அரச மரபின் ஆட்சியில், 1905இல், குறியேடத்துத் தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண் ஸ்மார்த்தவிசாரத்துக்கு உள்ளாக்கப்பட்டாள். அவள் பெயர் சொன்ன ஆண்கள் 64 என்றும் 65 என்றும் கணக்கு உண்டு. நம்பூதிரிகள், அம்பலவாசிகள், நாயர்கள், நம் ஊர்ப் பட்டர்கள் என எல்லோரும் பட்டியலில் இருந்தனர். இந்த வழக்கை இருண்ட நகைச்சுவைக் குறும்படமாக எடுக்க விரும்பும் நண்பர்கள், தமிழ்த் துணைத்தலைப்பு எழுதித் தரும்படி திரைக்கதையை எனக்கு அனுப்பினார்கள். அதைப் படித்த பிறகே இதை எழுதுகிறேன்.

துயரத்தை நகைச்சுவையாக்கலாமா என்ற ஒழுக்கவாதிகளின் கேள்வி என்னுடையதன்று. தாராளமாக ஆக்கலாம். அந்த விசாரணை முறையே நகைச்சுவைதான். மூத்த மகன் மட்டும் சொந்தச் சாதியில், அதுவும் மூன்று நான்கு பெண்களை மணப்பான். தம்பிகள் நாயர் வீடுகளில் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள். நமக்குச் சம்பந்தி என்ற மரியாதையான உறவைத் தந்த அதே சொல்தான் அது. இத்தனை ஏற்பாடுகளையும் தங்களுக்காகச் செய்துகொண்டவர்கள், ஒரு பெண்ணின் கற்பை விசாரிக்க மாதக்கணக்கில் கூடி உட்கார்ந்தார்கள். இதில் சிரிக்க எவ்வளவோ இருக்கிறது. என் நண்பர்கள் சிரிப்பதோ எண்ணிக்கையைப் பார்த்து. பத்தாவது பெயர், இருபதாவது பெயர் என்று பின்னணி இசை ஏறுகிறது. எண்ணுவது ஸ்மார்த்தனின் வேலை. அவன் விரலையே கடன் வாங்கிக்கொண்டு அவனைக் கேலி செய்வதாக எப்படி நம்புகிறார்கள்?

உடனே எல்லோரும் 'பரிணயம்' படத்தை எடுத்துக்காட்டுவார்கள். எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி, ஹரிஹரன் இயக்கி, 1994இல் வந்த படம். தேசிய விருது பெற்றது. நானும் மதிக்கும் படம்தான். ஆனால் அது செய்த தந்திரத்தைக் கவனியுங்கள். கிழக் கணவரைக் கொன்றுவிட்ட பிறகே காதலனைக் கதைக்குள் விடுகிறது. உண்ணிமாயா கைம்பெண், அவளுக்கு ஒரே காதலன். தாத்ரியின் கணவரோ உயிரோடிருந்தார். ஸ்மார்த்தவிசாரம் பற்றிய மிகப் புகழ்பெற்ற படத்தில், கறாராகச் சொன்னால், இல்லறத் துரோகமே இல்லை. நம் இரக்கம் தள்ளுபடி விலையில் வாங்கப்பட்டிருக்கிறது. என் நண்பர்கள் கணவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் அவர்கள் எம்.டி.யைவிடத் துணிந்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழில் இருண்ட நகைச்சுவைக்கு நம்மிடம் 'இரத்தக்கண்ணீர்' (1954) இருக்கிறது. மனைவியை விட்டுத் தாசியிடம் போகும் மோகனசுந்தரத்துக்குத் தொழுநோய் வருகிறது. ஆனால் அரங்கம் முழுவதும் எம்.ஆர். ராதாவின் பக்கம். துரோகம் செய்த ஆணுக்கே நல்ல வசனமெல்லாம் கிடைக்கிறது. கடைசியில் அவன் மனைவி சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்குக் கட்டிவைக்கிறான். மறுமணப் புரட்சி என்று கைதட்டினோம். கொடுப்பவன் ஒருவன், பெறுபவன் ஒருவன்; நடுவில் கைமாறுவது எது?

அந்த 'எது'தான் என் சிக்கல். ஸ்மார்த்தவிசாரத்தில் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்குப் பெயர் கிடையாது, அவள் 'சாதனம்'. பொருள் என்று அர்த்தம். மலையாளத்தில் வினைமுற்று திணை, பால் காட்டாது. அவள் சம்மதிச்சு, சாதனம் சம்மதிச்சு இரண்டுக்கும் ஒரே வினைதான். இழிவு பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. சாதனம் வந்தது, சாதனம் அழுதது, சாதனம் சம்மதித்தது என்று ஒவ்வொரு வினையும் அவளை அஃறிணைக்குத் தள்ளும். பார்வையாளர் குழம்புவார்கள், 'அவள்' என்றே போட்டுவிடுங்கள் என்கிறார் இயக்குநர். குழம்பட்டும். திணைவழு நம் மொழியில் பிழை; அங்கே அதுதான் சட்டம்.

பழங்கதைதானே என்பவர்களுக்கு: 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 497ஆம் பிரிவு இருந்தது. பிறன் மனைவியோடு உறவுகொண்ட ஆணுக்குத் தண்டனை. கணவனின் இசைவோ உடந்தையோ இருந்தால் குற்றமே இல்லை. உடைமையாளர் அனுமதித்தால் திருட்டு எங்கே? ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2018 செப்டம்பர் 27ஆம் நாள். தாத்ரியின் விசாரணைக்குப் பின் 113 ஆண்டுகள்.

ஆண்களும் தண்டிக்கப்பட்டார்களே, அவள் பழிதீர்த்தவள் அல்லவா என்ற வாதமும் திரைக்கதையில் இருக்கிறது. தண்டிக்கப்பட்டார்கள், உண்மை. கதகளி நடிகர் காவுங்கல் சங்கரப் பணிக்கரும் பிரஷ்டரானவர்களுள் ஒருவர். 497லும் தண்டனை ஆணுக்குத்தான். ஆண் தண்டிக்கப்பட்டதாலேயே பெண் உயர்திணை ஆகிவிடவில்லை. அவள் சாலக்குடிக்குக் காவலோடு அனுப்பப்பட்டாள். அதற்குப் பிந்தைய அவள் வாழ்க்கை பற்றி விசாரணை ஆவணங்களுக்கு அக்கறையில்லை. திரைக்கதையிலும் அந்தக் காட்சி இல்லை.

துணைத்தலைப்பு வேண்டுமென்றால் 'சாதனம் சம்மதித்தது' என்றுதான் எழுதித் தருவேன். அரங்கில் முதலில் சிரிப்பு எழும். படம் முழுக்க அந்த 'அது' வந்துகொண்டே இருக்கட்டும். எத்தனையாவது வினையில் சிரிப்பு நிற்கிறது என்று நான் பின்வரிசையில் உட்கார்ந்து எண்ணிக்கொள்கிறேன்.