ஃபார்மட் பண்ணிடலாம் சார்!

இந்த மூன்று சொற்களைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். என்ன கோளாறு என்று பார்க்குமுன்பே அங்குள்ள தம்பி சொல்வது இதைத்தான். "டாக்குமெண்ட்ஸ், போட்டோஸ் எடுத்துக் கொடுத்துடறேன் சார். மத்ததெல்லாம் போயிடும்."

அந்த "மத்ததெல்லாம்" எது? தமிழ்99 விசைப்பலகை, பிரெஞ்சு எழுத்துப்பிழை பார்க்கும் அகராதி, தண்டர்பேர்டில் சேர்ந்த கடிதங்கள், எத்தா சிவில் பதிவுகளைத் தேடித் தேடி கிராம்ப்ஸ் என்ற மென்பொருளில் ஏற்றிய வம்சாவளி. கடைசி இரண்டும் வழக்கமாக டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் இருப்பதே இல்லை. புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைவான ஃபோல்டர்களுக்குள் இருக்கின்றன. கண்ட்ரோலையும் எச்சையும் சேர்த்து அழுத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். தம்பி அழுத்துவதில்லை. என் நண்பர் ஒருவருடைய குடும்பத்தில் நான்கு தலைமுறை இப்படித்தான் ஒரே மத்தியானத்தில் காணாமல் போயிற்று.

நாங்கள் படித்த பிரெஞ்சில் ரேயேன்ஸ்தலே என்றால் ஒருவரை அவர் இருந்த இடத்திலேயே திரும்ப அமர்த்துவது என்றும் பொருள் உண்டு. சஸ்பென்ஷன் ரத்தாகி ஒருவர் வேலைக்குத் திரும்பினால் அவருடைய சர்வீஸ் புக்கைக் கிழித்துப் போட்டு, நேற்றுச் சேர்ந்த எல்.டி.சி.யாகவா உட்கார வைத்தோம்? சிஸ்டத்தைத் திரும்பப் போடுவதும் அப்படிப் பணித்தொடர்ச்சியோடு நடக்க வேண்டிய காரியம்.

அதற்கு வழியில்லை என்பவர்களிடம்தான் என் வழக்கு. உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றிலும் ஒவ்வொரு பேக்கேஜின் பெயரும் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. வார் என்ற ஃபோல்டருக்குள் லிப், அதற்குள் டிபிகேஜி, அதற்குள் ஸ்டேட்டஸ். வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் திறந்து படிக்கலாம். அது கெட்டுப்போனாலும் வார் ஃபோல்டரிலேயே பேக்கப்ஸ் என்ற இடத்தில் பழைய பிரதிகள் கிடக்கும். சிஸ்டம் எழுந்திருக்காவிட்டால் என்ன? பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, உள்ளே இருக்கும் டிஸ்கைத் திறந்து அந்தப் பதிவேட்டை நகல் எடுக்கலாம். மாற்றலாகிப் போகும்போது சார்ஜ் லிஸ்ட் எழுதிக் கொடுப்போமே, அதேதான் இது. மென்பொருள்களின் உடல் இணையத்தில் பத்திரமாக இருக்கிறது. நமக்கு வேண்டியது பெயர்கள் மட்டும். புது சிஸ்டத்திடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தால் அதுவே ஒவ்வொன்றாக வரவழைத்துக்கொள்ளும். இந்தக் கிளார்க் வேலைக்குக்கூடச் சோம்பலா?

வெளியிலிருந்து தனியாக இறக்கிப் போட்ட மென்பொருள் மட்டும் இதில் அடங்காது. அதைக் கையால்தான் திரும்பப் போட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

ஹோம் ஃபோல்டர் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் இன்னும் சுலபம். நிறுவும்போது அதை ஹோம் என்றே காட்டி, அதற்கு எதிரே உள்ள ஃபார்மட் கட்டத்தில் டிக் போடாமல் விட்டால் போதும். பழைய உபுண்டு இன்ஸ்டாலர் தானாகவே கேட்கும்: உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டு, முடிந்தவரை மென்பொருளையும் வைத்துக்கொண்டு திரும்ப நிறுவட்டுமா என்று. மின்டில் பேக்கப் டூல் என்று ஒரு கருவி உண்டு, மென்பொருள் பட்டியலைச் சேமிப்பதற்கென்றே தனிப் பொத்தானோடு. எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள்?

"பழைய செட்டிங்கோட சேர்த்துப் போட்டா கோளாறும் கூடவே வரும் சார்" என்பது தம்பிகளின் அடுத்த வாதம். சில சமயம் வரும். அப்போது தகராறு செய்யும் அந்த ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துப் பார்ப்பதுதான் முறை. ஒரு ஓடு உடைந்ததற்காக வீட்டையே இடிக்கிற கொத்தனாரை நாம் கூப்பிடுவோமா? டிஸ்க்கே சாகக் கிடக்கிறது என்றால் அது வேறு கதை. முதலில் முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு, பிறகுதான் மற்ற பேச்சு.

கடைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்றே கேளுங்கள்: "தம்பி, ஹோம் முழுசையும், புள்ளி வச்ச ஃபோல்டரோட எடுப்பியா? பேக்கேஜ் லிஸ்ட் எடுப்பியா?" இரண்டுக்கும் ஆமாம் என்று வராதவரை பெட்டியை ஆட்டோவிலிருந்து இறக்க வேண்டாம்.