தேர்வு நடத்தவும் டெண்டர்!

சாலை போட, பாலம் கட்ட அரசாங்கம் டெண்டர் விடுவது உங்களுக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்தவும் டெண்டர் விடுவார்களா, குழந்தைகளே? இங்கிலாந்து அரசு விடுகிறது.

அந்தத் தேர்வின் பெயர் 'டிம்ஸ்'. எந்த நாட்டுப் பிள்ளைகள் கணக்கிலும் அறிவியலிலும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கும் பன்னாட்டுத் தேர்வு இது. 1995-ல் தொடங்கியது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 4-ம் வகுப்பு, 8-ம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவார்கள். பாஸ், ஃபெயில் கிடையாது. மாணவர் பெயரும் வெளியே வராது. மார்க் நாட்டுக்குத்தான்!

கேள்விகளைத் தயாரித்துத் தருவது ஐ.இ.ஏ. என்ற அமைப்பு. இதன் தலைமையகம் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. அப்படியானால் ஒப்பந்தக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? பள்ளிகளோடு பேசி நாள் குறிக்க வேண்டும். விடைகளைத் திருத்த வேண்டும். கடைசியில் அறிக்கை எழுத வேண்டும். 2015, 2019 ஆண்டுகளில் இங்கிலாந்துக்கான அறிக்கையை எழுதியது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் கல்வி நிறுவனம்.

இதில் மிகக் கஷ்டமான வேலை எது தெரியுமா? திருத்துவது அல்ல, பள்ளிகளைச் சம்மதிக்க வைப்பதுதான்!

நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் டிம்ஸ் எழுதுவதில்லை. குலுக்கல் போலச் சுமார் 150 பள்ளிகளைப் பொறுக்கி எடுப்பார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதே கணக்குதான். ஆனால் மேலாக வெந்த சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடியில் வேகாதது தெரியுமா? நன்றாகப் படிக்கும் பள்ளிகள் மட்டும் வந்து, மற்றவை "எங்களுக்கு நேரமில்லை" என்று ஒதுங்கிக்கொண்டால், நாட்டின் மார்க் பொய்யாக உயர்ந்துவிடும். அதனால் 100-க்கு 85 பள்ளிகளாவது எழுத வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மறுத்த பள்ளிக்குப் பதிலாக அதே மாதிரியான வேறு பள்ளியைச் சேர்க்கலாம்; அதற்கும் ஓர் அளவு உண்டு.

2003-ல் இங்கிலாந்து இதில் மாட்டிக்கொண்டது. 8-ம் வகுப்புத் தேர்வுக்குப் போதுமான பள்ளிகள் வரவில்லை. முடிவு வெளியானபோது அந்நாட்டின் மார்க்கை மற்ற நாடுகளின் வரிசையில் சேர்க்காமல், பட்டியலின் அடியில் தனியாகப் போட்டுவிட்டார்கள். உட்கார்ந்து எழுதிய பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பாவம், அவர்கள் உழைப்பும் அந்த அடிக்குறிப்புக்குள் போய்விட்டது.

சரி, அரசாங்கமே நேரில் நடத்தினால் என்ன? பள்ளிகளை நடத்தும் அரசே அவற்றுக்கு மார்க்கும் போட்டால், சரக்கு விற்பவரே தராசையும் பிடித்த மாதிரி ஆகிவிடும். வெளியாளிடம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்த வெளியாளுக்குச் சம்பளம் தருவதும் அரசுதானே என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி! அதற்காகத்தான் ஐ.இ.ஏ. சில பள்ளிகளுக்குத் தன் பார்வையாளர்களை அனுப்புகிறது. ஒரு பகுதி விடைகளை இருவர் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிட்டுப் பார்க்கவும் சொல்கிறது.

குறைந்த தொகை கேட்டவருக்கே இந்த வேலையைக் கொடுத்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். தயங்கும் தலைமையாசிரியரிடம் பொறுமையாகப் பேச ஆள் வேண்டும். ஆளுக்குப் பணம் வேண்டும். இப்போது தேர்வு கணினிக்கு மாறிவிட்டதால் பள்ளிக் கணினிகள் சரியாக ஓடுமா என்றும் முன்கூட்டியே பார்க்க வேண்டியிருக்கிறது. 2023-ல் நடந்த தேர்வின் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. முதலிடம் சிங்கப்பூருக்கு. அடுத்த டிம்ஸ் 2027-க்கு உரியது.