விளம்பரத்தில் ‘30 அடி ரோடு’: அந்த 30 அடிக்குள் என்னென்ன இருக்கிறது?

‘டிடிசிபி அப்ரூவ்டு, ரெரா ரெஜிஸ்டர்டு, 30 அடி தார் ரோடு, பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்.’ மனை விளம்பரம் என்றால் இந்த நான்கும் இருக்கும். முதல் இரண்டை நீங்கள் ஆன்லைனில் சரிபார்ப்பீர்கள். கடைசியைப் படித்து சிரித்துக்கொள்வீர்கள். மூன்றாவதைப் பற்றி பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ரோடு இருக்கிறது, அகலமாகவும் இருக்கிறது, அப்புறம் என்ன?

வீட்டை இடித்துக் கட்டலாம், மேலே ஒரு மாடி எழுப்பலாம். தெருவை அப்படிச் செய்ய முடியாது. இருபுறமும் மனைகள் விற்று, மதில் எழும்பிவிட்டால், அடுத்த தலைமுறைக்கும் அதே அகலம்தான், அதே வளைவுதான். அதனால்தான் நிலத்தை மனைகளாகப் பிரிக்கும்போதே தெரு எப்படி இருக்க வேண்டும் என்று அரசு விதி போடுகிறது.

தமிழ்நாட்டில் இப்போது இருப்பது 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இதன் அடிப்படைக் கணக்கு எளிது: ஒரு தெரு எவ்வளவு நீளம், எத்தனை மனைகளுக்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் குறைந்தபட்ச அகலம் கூடும். குட்டித் தெரு என்றால் 7.2 மீட்டர், நீளம் கூடினால் 9 மீட்டர், இன்னும் நீண்டால் அதற்கும் மேல். விளம்பரத்தில் வரும் ‘23 அடி’, ‘30 அடி’ எல்லாம் இந்த மீட்டர் கணக்கின் அடி வடிவம்தான். அதாவது, 30 அடி என்பது பல தெருக்களுக்கு புரமோட்டர் உங்களுக்காக மனமிரங்கிக் கொடுத்தது அல்ல. சட்டப்படி அவர் விட்டே ஆக வேண்டியது.

அவர் ஏன் அதற்கு மேல் ஓர் அடிகூட விடமாட்டார் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். 240 மீட்டர் நீளத் தெரு ஒன்று. 7.2 மீட்டருக்குப் பதில் 9 மீட்டர் அகலம் என்றால் கூடுதலாகப் போவது 432 சதுர மீட்டர், சுமார் 4,650 சதுர அடி. அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மனைகளாகப் பார்த்தால் கிட்டத்தட்ட நான்கு மனை. ஒரே ஒரு தெருவில்! போதாததற்கு, நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை பூங்கா போன்ற பொதுத் திறந்தவெளிக்கும் விட வேண்டும். விற்க முடியாத நிலம் கூடக்கூட, விற்கும் மனையின் விலை ஏறும். அந்த விலையைக் கட்டப்போவது நீங்கள்தான் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

சரி, 9 மீட்டர் கிடைத்துவிட்டது. அதற்குள் என்ன வரும்?

குடியிருப்புப் பகுதியில் நடைபாதை தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012-ம் ஆண்டு வழிகாட்டி. ‘தடையில்லாமல்’ என்ற சொல் முக்கியம். மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், மரம் எதுவும் அந்த 1.8 மீட்டருக்குள் வரக்கூடாது. இருபுறமும் சேர்த்து 3.6 மீட்டர் போனால், வண்டி ஓட மிஞ்சுவது 5.4 மீட்டர். ஒரு கார் ஓரமாக நின்றால், மிச்சம் இருப்பது ஒரு வண்டி போகும் அளவுதான். 7.2 மீட்டர் தெருவில் இதே கணக்கைப் போட்டால் மிஞ்சுவது 3.6 மீட்டர். ஒரு கார் நின்றால் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாது. கம்பம், மரம், மழைநீர் வடிகால் எல்லாவற்றுக்கும் இன்னும் இடமே ஒதுக்கவில்லை, கவனியுங்கள்.

நிஜத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நடைபாதையே போடுவதில்லை. நடுவில் தார், இருபுறமும் மண். அந்த மண்ணில் முதல் வீட்டுக்காரர் கார் ஏற்ற சாய்தளம் கட்டுவார், அடுத்தவர் படிக்கட்டு, அதற்கடுத்தவர் செடி வைத்து வேலி. பத்து வருடத்தில் 30 அடி ரோடு 18 அடி ஆகிவிடும். யாரையும் குறை சொல்லி என்ன பயன்? மனைப்பிரிவு வரைபடத்தில் தெருவுக்கு இருப்பது ஒரே ஓர் எண், அகலம். அதில் எவ்வளவு நடக்க, எவ்வளவு ஓட்ட, எவ்வளவு மழைநீருக்கு என்று அது பிரித்துச் சொல்வதில்லை. யாருக்கென்று சொல்லாத இடத்தை எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

அகலத்தைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது: அந்தத் தெரு எங்கே போய் முடிகிறது? ஒரு புரமோட்டர் ஐந்து ஏக்கர் வாங்கித் தெருக்களை வரைகிறார். பக்கத்து ஐந்து ஏக்கர் வேறொருவருடையது. தெருவின் முனையில் ஒரு மனையை வைத்து அடைத்துவிட்டால், இரண்டு மனைப்பிரிவுக்கும் இடையே வழியே இருக்காது. பக்கத்து நகரில் இருக்கும் பள்ளிக்கு மெயின் ரோடு வரை போய், யூ-டர்ன் அடித்துத் திரும்பி வர வேண்டும். பெருநகரங்களின் புறநகரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். என்னைக் கேட்டால், நான்கு பக்கமும் திறந்த 9 மீட்டர் தெரு, முட்டுச்சந்தாக முடியும் 12 மீட்டர் தெருவைவிட எவ்வளவோ மேல்.

இதற்கு மாற்று வழி குஜராத்தில் இருக்கிறது. அங்கே 1976-ம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின்படி, ஒரு பகுதியில் உள்ள பலருடைய நிலத்தையும் கணக்கில் சேர்த்து, முதலில் தெருக்களை வரைந்துவிடுகிறார்கள். சாலை, பூங்கா, பொதுத் தேவை என்று ஒரு பங்கு போக, மீதியை ஒழுங்கான மனைகளாக உரிமையாளர்களுக்கே திருப்பித் தருகிறார்கள். அகமதாபாத்தின் பெரும்பகுதி இப்படித்தான் வளர்ந்தது. யாருடைய வேலி எங்கே முடிகிறது என்பதை வைத்து அங்கே தெரு முடிவதில்லை. நமக்கும் இது புதிதல்ல. 1920-ம் ஆண்டு மதராஸ் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின் திட்டமிட்டு உருவானதுதான் தியாகராய நகர். பனகல் பூங்காவிலிருந்து சாலைகள் பிரிந்து போவது தற்செயல் இல்லை. பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை போட முடிந்ததே, அந்த இடத்தை அன்றே யாரோ விட்டுவைத்ததால்தான்.

அப்போ, மனை வாங்கப்போகும் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

ரெரா பதிவும் மனைப்பிரிவு அனுமதியும் ஒன்றல்ல. வரைபடத்துக்கு அனுமதி தருவது டிடிசிபி அல்லது சிஎம்டிஏ. 500 சதுர மீட்டரைத் தாண்டும் திட்டத்தை விற்பனைக்கு முன் பதிவு செய்யச் சொல்வது ரெரா சட்டம். அதே சட்டத்தின் 14-வது பிரிவு ஒரு நல்ல பாதுகாப்பு தருகிறது: அனுமதி பெற்ற வரைபடத்தையும் பொது இடங்களையும் மாற்ற வேண்டுமென்றால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்துபூர்வமாகச் சம்மதிக்க வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள வண்ணப் படத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுமதி எண் உள்ள வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அதை எடுத்துக்கொண்டு நேரில் போய், டேப் வைத்து அளந்து பாருங்கள். தார் போட்ட அகலத்தை மட்டும் அளக்காதீர்கள். ஒரு பக்க மனைக் கல்லிலிருந்து எதிர்ப்பக்க மனைக் கல் வரை அளக்க வேண்டும். ஒவ்வொரு தெருவின் முனைக்கும் நடந்து போய், அப்பால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு புரமோட்டரிடம் ஒரே ஒரு தாள் கேளுங்கள்: சாலைகளையும் பூங்காவையும் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப்பத்திரம். அது பதிவாகியிருந்தால் தெரு ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ சொந்தம், குழி விழுந்தால் அங்கே மனு கொடுக்கலாம். “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்” என்று பதில் வந்தால், அட்வான்ஸையும் அப்புறமே கொடுங்கள்.